முதல் பதினேழு தோல்விகள்

போன மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்த கிழமை, நாங்கள் நாவிதன்வெளிக்குள்ளேயே அகப்பட்டுக் கிடந்தோம். கல்முனைக்குப் போக ஏலாது. வகுப்பில்லை. கரண்ட் வாறதும் போறதுமாக இருந்தது. எங்களில் ஒருத்தி கொழும்பில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிவந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வைத்திருந்தாள். லோரா ஹில்லென்பிராண்ட் எழுதி 2001இல் வெளிவந்த 'சீபிஸ்கட்'. அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல, நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றியிருந்து கேட்டோம்.

எங்கட வயல்வெளிக்கு மாடு வரும், எருமை வரும், இரவில் யானையும் வரும். குதிரை வாறதில்லை. எங்களில் பாதிப் பேர் குதிரையைப் படத்தில் மட்டும் கண்டவர்கள். அப்படியிருந்தும், அமெரிக்காவில் எண்பது தொண்ணூறு வருசத்துக்கு முதல் ஓடிய ஒரு குதிரைக்காக நாலு இரவு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். கடைசி ஓட்டத்தை வாசிக்கும்போது ஒருவன் எழும்பி நின்றே விட்டான்.

வெள்ளம் வடிந்த பிறகு எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது. இந்தக் கதையில் நாங்கள் எதற்கு இவ்வளவு மயங்கினோம்? தோற்றுக்கொண்டிருந்த ஒன்று கடைசியில் வென்றதற்காகவா? அப்படியெண்டால் வெல்லாமலே போன குதிரைகளை நாங்கள் என்ன செய்யிறது? அந்த வாக்குவாதத்தைத்தான் இங்கே எழுதி வைக்கிறோம். முதலில் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

காய்ந்த பிஸ்கட்டின் மகன்

சீபிஸ்கட் பிறந்தது 1933 மே 23ஆம் திகதி. தகப்பன் குதிரையின் பெயர் ஹார்ட் டக். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் மாதக் கணக்கில் வைத்துச் சாப்பிடுகிற காய்ந்த பிஸ்கட்டுக்கு அதுதான் பெயர். 'சீ பிஸ்கட்' என்றாலும் அதே சாமான்தான். தகப்பனின் பெயரையே வேறு சொல்லில் மகனுக்கும் வைத்திருக்கிறார்கள்.

ஆள் பார்வைக்குக் குள்ளம், முழங்கால் கொஞ்சம் கோணல். நல்லாய்ச் சாப்பிடும், நல்லாய் நித்திரை கொள்ளும். அந்த நாளில் பெயர் பெற்ற பயிற்றுநரான ஃபிட்ஸ்சிமன்ஸின் லாயத்தில்தான் அது வளர்ந்தது. ஆனால் அவருடைய கண் பெரிய குதிரைகளின் மேல் இருந்தது. 1935இல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற ஒமாஹாவும் அதே லாயத்துக் குதிரைதான். சோம்பேறி என்று பெயரெடுத்த சீபிஸ்கட்டைச் சின்னப் பந்தயங்களில் ஓட விட்டார்கள்.

முதல் 17 ஓட்டங்களிலும் அது வெல்லவில்லை. 2,500 டொலர் கொடுத்து யாரும் கொண்டுபோகலாம் என்ற விதியில் நடக்கிற பந்தயங்களில் மூன்று தரம் ஓட விட்டார்கள். ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு வயதில் மட்டும் அது ஓடிய பந்தயங்கள் 35. வென்றது 5.

இந்த 35 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்திருங்கள். பிறகு அதற்குத் திரும்பி வருவோம்.

1936 ஓகஸ்டில் சார்ள்ஸ் ஹவார்ட் என்ற கலிபோர்னியக் கார் வியாபாரி அதை 8,000 டொலருக்கு வாங்கினார். சான் பிரான்சிஸ்கோவில் சைக்கிள் திருத்துகிற ஆளாகத் தொடங்கி, பியூக் கார் விற்றுக் கோடீஸ்வரன் ஆனவர். 1926இல் அவருடைய 15 வயது மகன் வாகன விபத்தில் செத்துப்போனான். காரால் எழும்பிய மனிசனுக்குக் காரே பெரிய இழப்பையும் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் அவர் குதிரைப் பக்கம் திரும்பினார்.

வாங்கச் சொன்னவர் அவருடைய பயிற்றுநர் டொம் ஸ்மித். காட்டுக் குதிரை பழக்கி வளர்ந்தவர். வாய் திறந்து பேசுவது குறைவு. ஓட்டியவர் ரெட் பொலார்ட். கனடாவின் எட்மன்டனில் பிறந்தவர். பதின்ம வயதில், கூட்டிக்கொண்டு வந்தவர் மொன்டானாவில் ஒரு பந்தயத் திடலில் கைவிட்டுப் போக, அங்கிருந்தே பிழைக்கப் பழகியவர். ஓட்டத்துக்கு ஓட்டம் ஊர் மாறுகிற அந்த வாழ்க்கையிலும் ஷேக்ஸ்பியரையும் எமர்சனையும் தூக்கிக்கொண்டு திரிந்தவர். 1936இல் அவரிடம் பெரிதாகக் காசும் இல்லை, வேலையும் இல்லை.

ஸ்மித் செய்த வைத்தியத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். குதிரைக்குத் துணையாக முதலில் ஓர் ஆட்டை விட்டார். சீபிஸ்கட் ஆட்டைத் தூக்கி வெளியே போட்டுவிட்டது. பிறகு பம்ப்கின் என்ற சாதுவான குதிரையைப் பக்கத்தில் கட்டினார். அது ஒத்துப்போனது. ஒரு தெருநாயும் ஒரு குரங்கும் பிறகு வந்து சேர்ந்தன. விடிய எழுப்பாமல், அது நித்திரை முடித்து எழும்பும் வரைக்கும் விட்டார். நல்ல தீன் போட்டார். அடிக்கவில்லை. சில மாதத்தில் குதிரை ஓடத் தொடங்கியது.

1937இல் 15 பந்தயம் ஓடி 11 வென்றது. அந்த வருசம் அமெரிக்காவில் அதிகப் பரிசுப் பணம் சம்பாதித்த குதிரை அதுதான்.

சித்தப்பாவும் மகனும்

எதிராளியின் பெயர் வோர் அட்மிரல். 1937இல் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற கிழக்குக் கரைக் குதிரை. அதன் தகப்பன் மேன் ஓ' வோர், அமெரிக்கா கண்ட மிகப் பெரிய பந்தயக் குதிரை என்று பலர் சொல்கிறது. அந்த மேன் ஓ' வோர்தான் ஹார்ட் டக்குக்கும் தகப்பன். ஆகவே முறைப்படி வோர் அட்மிரல், சீபிஸ்கட்டுக்குச் சித்தப்பா. "சாச்சாவோட போட்டியா?" எண்டு கல்முனை நண்பன் கேட்டான். அதிலும் சித்தப்பா 1934இல் பிறந்தவர், மகனை விட ஒரு வயசு இளையவர். எங்கட ஊர்க் குடும்பங்களில் இப்படி எத்தனை பேர்!

1938 நவம்பர் 1, பால்டிமோர் நகரத்தின் பிம்லிகோ திடல். இரண்டு குதிரைகள் மட்டும். 40,000 பேர் திடலில், ஏறத்தாழ நாலு கோடிப் பேர் வானொலிக்குப் பக்கத்தில். காசு கட்டியவர்களில் பெரும்பாலானோர் வோர் அட்மிரலின் பக்கம். அது தொடக்கத்திலேயே பாய்ந்து முன்னுக்குப் போய்விடும் குதிரை. கதவுத் தடுப்புக்குள் நிற்க அதற்குப் பிடிக்காது என்பதால் மணியடித்துத் தொடங்குவதாக முடிவு. டொம் ஸ்மித் சும்மா இருக்கவில்லை. மணியொன்றைத் தானே செய்து, அந்தச் சத்தம் கேட்டதும் பாயச் சீபிஸ்கட்டைப் பழக்கினார்.

பொலார்ட் அன்று ஓட்டவில்லை. பெப்ரவரியில் விழுந்து நெஞ்செலும்பு நொறுங்கியது. ஜூனில் வேறொரு குதிரையில் ஏறி, கால் சிதறிப்போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, தனக்குப் பதிலாக ஓட்டப்போகிற நண்பன் ஜோர்ஜ் வூல்ஃபுக்குத் தொலைபேசியில் ஒரு யோசனை சொன்னார்: முன்னுக்குப் போன பிறகு வேகத்தைக் கொஞ்சம் குறை, மற்றவன் பக்கத்தில் வரட்டும், நம்ம குதிரை அவன் கண்ணைப் பார்க்கட்டும். வூல்ஃப் அப்படியே செய்தார். சீபிஸ்கட் நாலு குதிரை நீளத்தால் வென்றது.

அதற்குப் பிறகும் கதை முடியவில்லை. 1939இல் சீபிஸ்கட்டின் முன்னங்கால் நாண் காயப்பட்டது. ஹவார்டின் பண்ணையில் கால் உடைந்த ஓட்டியும் கால் பழுதான குதிரையும் ஒன்றாக நொண்டி நடந்து தேறினார்கள். 1940 மார்ச் 2ஆம் திகதி, இரண்டு தரம் மூக்குநுனி வித்தியாசத்தில் தவறவிட்ட சான்டா அனிட்டா பந்தயத்தை, பொலார்டை முதுகில் ஏற்றிக்கொண்டே சீபிஸ்கட் வென்றது. எங்கட ஆள் எழும்பி நின்றது இந்த இடத்தில்தான்.

மொத்தம் 89 ஓட்டம், 33 வெற்றி, 4,37,730 டொலர். அந்த நாளில் அது சாதனைத் தொகை.

ஆருக்கு இந்தக் கதை தேவைப்பட்டது?

1929இல் நியூயோர்க் பங்குச் சந்தை விழுந்தது. 1933இல் அமெரிக்காவில் வேலை செய்யக்கூடியவர்களில் நாலில் ஒருவருக்கு வேலையில்லை. அந்தக் காலத்துச் சனம், மூன்று தரம் விலைக்கு விட்டும் ஆரும் கேட்காத ஒரு குதிரையில் தங்களைக் கண்டது என்று சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை அதைவிடப் பெரிசு.

குதிரைப் பந்தயமே அந்தக் காலத்தில்தான் திரும்ப உயிர்த்தது. கஜானா காய்ந்துபோன மாநில அரசுகள், வரி வருமானத்துக்காகப் பந்தயச் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கின. கலிபோர்னியாவில் அது நடந்தது 1933இல். அடுத்த வருசம் கிறிஸ்மஸ் நாளில் சான்டா அனிட்டா திடல் திறந்தது. ஒரு லட்சம் டொலர் பரிசு என்று சனத்தை இழுத்தது. ஹவார்ட் கார் விற்றவர், சாமானை எப்படிச் சனத்தின் வாயில் பேச வைக்கிறது என்று தெரிந்தவர். பத்திரிகைக்காரர்களை அவர் நன்றாகவே கவனித்துக்கொண்டார்.

இன்னொன்றும் உண்டு. சீபிஸ்கட் உண்மையில் 'ஒன்றுமில்லாத' குதிரையா? அது மேன் ஓ' வோரின் பேரப்பிள்ளை. பிம்லிகோவில் ஓடின நேரம் அது முந்தின வருசத்தில் நாட்டிலேயே அதிகம் சம்பாதித்த குதிரை. 2003இல் வந்த திரைப்படத்தில் வோர் அட்மிரலை ராட்சதனாகக் காட்டியிருக்கிறார்கள். நிசத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம். தாவீதுக்குப் பக்கத்தில் கோலியாத்து வேணும் எண்டது பார்க்கிற எங்கட ஆசை. அந்த ஆசைக்காக எதிராளியைக் கதை உயர்த்திவிட்டது.

எங்கட வாக்குவாதம் சூடானது இங்கேதான். "அப்ப ஏமாத்தா?" எண்டு ஒருவன் கேட்டான். ஏமாற்று என்று நாங்கள் நினைக்கவில்லை. இரத்தத்திலும் உயரத்திலும் சீபிஸ்கட் குறைந்த குதிரையாக இருக்கவில்லை. குறைவு அதை நடத்திய விதத்தில் இருந்தது. இரண்டு வயதுக் குதிரையை ஒரு வருசத்தில் 35 தரம் ஓட விட்டுவிட்டு, அது களைத்து நின்றதும் சோம்பேறி எண்டார்கள். டொம் ஸ்மித் அதற்கு மந்திரம் ஒன்றும் போடவில்லை. தீன், நித்திரை, துணை, அடிக்காத கை. அவ்வளவுதான். அதே குதிரை வேறு குதிரையாகியது.

கண்ணை மறைத்தவன்

கதையில் எங்களை நித்திரை கொள்ளவிடாத பகுதி குதிரையைப் பற்றியது இல்லை, ரெட் பொலார்டின் வலது கண்ணைப் பற்றியது.

இளவயதில், பயிற்சியின்போது முன்னால் ஓடிய குதிரையின் குளம்பு கிளப்பியது எதுவோ தெறித்து அந்தக் கண் குருடாகியது. அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் ஓட்ட விடமாட்டார்கள். 1937 சான்டா அனிட்டாப் பந்தயத்தில் வெல்லப்போகிற நேரம் ரோஸ்மொன்ட் என்ற குதிரை வெளிப்பக்கத்தால் வந்து மூக்குநுனியால் முந்தியது. பொலார்ட் ஏன் விட்டுக்கொடுத்தார் என்று பத்திரிகைகள் திட்டின. வெளிப்பக்கம் எண்டால் வலப்பக்கம். வருகிறதை அவர் காணாமல் விட்டிருக்கலாம் என்று ஹில்லென்பிராண்ட் ஊகிக்கிறார். அதையும் அவர் வாய் திறந்து சொல்ல முடியவில்லை.

அந்தக் காலத்து ஓட்டிகளுக்குக் காப்புறுதி கிடையாது. எடை கூடாமல் இருக்கப் பட்டினி கிடந்தார்கள், வேர்வை ஊற்றி எடை இறக்கினார்கள். விழுந்தால் செலவு அவரவர் தலையில். அவர்களுக்கென்று நாடளாவிய சங்கம் அமைந்தது 1940இல்தான். பிம்லிகோவில் வென்ற ஜோர்ஜ் வூல்ஃப் 1946 ஜனவரியில் சான்டா அனிட்டாவிலேயே குதிரையிலிருந்து விழுந்து செத்தார். பொலார்ட் பிற்காலத்தில் பந்தயத் திடலின் தபாலறையில் கடிதம் பிரித்தார். பிறகு மற்ற ஓட்டிகளின் சப்பாத்துத் துடைக்கிற வேலை செய்தார். 1981இல் காலமானார்.

சீபிஸ்கட் 1947இல் பண்ணையில் இறந்தது. நாலு கோடிப் பேர் கேட்ட ஓட்டத்துக்கு யோசனை சொன்ன மனிசன் கடைசிக் காலத்தில் சப்பாத்துத் துடைத்தார். இரண்டும் ஒரே கதை. போஸ்டரில் வருவது முதல் பாதி மட்டும்.

காயத்தை மறைத்து வேலைக்குப் போகிற ஆட்கள் எங்களுக்குத் தெரியாதவர்களா? மத்திய கிழக்கில் சாரதியாக, வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனவர்கள் மருத்துவச் சோதனைக்கு முதல் எதை எதை மறைத்தார்கள் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை இருக்கும்.

எங்கட பக்கத்துக் குதிரைகள்

குதிரையைக் காணாத ஊர் எண்டோம். ஆனால் தமிழுக்குக் குதிரை புதுசில்லை. கடலால் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலில் பாண்டியனின் காசு குதிரை வாங்கத்தானே போகிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபுக் கரையிலிருந்து வருசா வருசம் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கியதை எழுதியிருக்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் வருசம் முடிய முதல் பெரும்பாலானவை செத்துவிடும், திரும்பவும் வாங்குவார்கள். எழுநூறு வருசத்துக்கு முந்தின இந்தக் குறிப்பை வாசிக்கும்போது எங்களுக்குச் சீபிஸ்கட்டின் 35 ஓட்டம்தான் ஞாபகம் வந்தது.

இலங்கையில் குதிரைப் பந்தயம் பிரித்தானியர் காலத்துப் பொழுதுபோக்கு. முதலில் காலிமுகத் திடலில் ஓடினார்கள். 1893இல் கறுவாத்தோட்டத்துத் திடலுக்கு மாறினார்கள். சீபிஸ்கட் பிறந்து ஒரு வருசத்துக்குப் பிறகு, 1934-35இல், இலங்கையில் மலேரியா வந்து ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. தேயிலையும் ரப்பரும் விலை விழுந்து தோட்டங்களில் சனம் காய்ந்துகொண்டிருந்தது. கொழும்புத் திடலில் துரைமாரும் கனவான்களும் வாங்கிவந்த குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போரில் அந்தத் திடல் விமான ஓடுபாதையானது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, அவர்கள் அறியாத அந்தத் திடலிலிருந்து பிரித்தானியப் போர் விமானங்கள் கிளம்பின. 1956இல் பண்டாரநாயக்க அரசு வந்த பிறகு கொழும்பில் குதிரை ஓட்டம் நின்றது. நுவரெலியாவில் மட்டும் ஏப்ரல் வசந்த காலத்தில் இன்றும் ஓடுகிறார்கள்.

குதிரை நின்றது, பந்தயம் நிற்கவில்லை. கொழும்பிலும் மலையகப் பட்டணங்களிலும் 'புக்கி' கடைகளில் இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைகளுக்கு இங்கே காசு கட்டுகிறார்கள். கண்ணால் காணாத குதிரை, பெயர் வாயில் நுழையாத திடல், நாட்சம்பளம். 1988இல் அரசு அதற்கென்றே வரிச் சட்டமும் கொண்டுவந்தது. அதனால்தான் இந்தப் புத்தகத்தை வாசிக்கிறோம் எண்டு வீட்டில் சொன்னபோது முகங்கள் மாறின. "ரேஸா? குடும்பம் அழிக்கிற வேலை" எண்டு ஒரு வாப்பா சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. சீபிஸ்கட்டின் புகழும் அந்தக் காசின் மேல்தான் எழும்பியது.

காசு கட்டாத குதிரைகளும் எங்கட நாட்டில் உண்டு. நெடுந்தீவில். போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. லாயத்தின் பவளக்கல் தூண்கள் இடிபாடாக நிற்கின்றன. கோடை கடுமையானால் தண்ணியில்லாமல் சாகின்றன. அவை ஒரு பந்தயத்திலும் தோற்கவில்லை, ஓடவேயில்லை. படமெடுக்கச் சுற்றுலாக்காரர் போகிறார்கள். தண்ணி வைக்கிறது ஆர்?

113 தரம் தோற்ற குதிரை

வெற்றியில்லாமலே சனம் நேசித்த குதிரை ஒன்றும் உண்டு என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. யப்பானின் ஹரு உராரா. இதமான இளவேனில் என்பது போல ஒரு பொருள். 1996இல் பிறந்தது. கொச்சி என்ற ஊரில், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு சின்னத் திடலில் ஓடியது. 1998 தொடக்கம் 2004 வரை 113 ஓட்டம். ஒன்றிலும் வெல்லவில்லை.

2003இல் அதன் தோல்விக் கணக்கு நூறை நெருங்கியபோது பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. யப்பானும் அப்போது நீண்ட பொருளாதாரத் தேக்கத்தில் இருந்தது. சனம் திரண்டு வந்து அந்தக் குதிரையின் பந்தயச் சீட்டை வாங்கியது. வெல்லும் என்று இல்லை. யப்பானிய மொழியில் பரிசு 'விழுவதற்கும்' ஒன்று வந்து 'மோதுவதற்கும்' ஒரே சொல். 'விழாத' சீட்டை வைத்திருந்தால் வாகனம் 'மோதாது' என்று அதைத் தாயத்தாக வைத்துக்கொண்டார்கள். 2004 மார்ச் 22ஆம் திகதி யப்பானின் முதல்தர ஓட்டியான தகே யுத்தாகா அதன் மேல் ஏறினார். கொச்சித் திடல் நிரம்பி வழிந்தது. 11 குதிரையில் 10ஆவதாக வந்தது. சனம் கைதட்டியது.

இதைக் கேட்டதும் எங்களில் ஒருத்தி, "அப்ப இதுதான் சரியான கதை, சீபிஸ்கட் இல்லை" எண்டாள். இன்னொருவன் விடவில்லை. "தோற்கிறதை வேடிக்கை பார்க்கிறதும் ஒரு விளையாட்டுத்தானே? 113 தரம் ஓட விட்டவனை ஆர் கேட்டது?" எண்டான். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் கிடக்கு. ஆனாலும் ஓய்வுக்குப் பிறகு ஒரு பண்ணையில் அந்தக் குதிரையை ரசிகர்கள் காசு சேர்த்துப் பராமரித்தார்கள். 2025 செப்டம்பரில், 29 வயதில் அது இறந்தது. வெல்லாத குதிரைக்குக் கடைசி வரை தீன் போட ஆட்கள் இருந்தார்கள் என்பதை நாங்கள் குறித்து வைத்துக்கொண்டோம்.

எழுதியவளும் வாசித்தவர்களும்

ஹில்லென்பிராண்டுக்கு 19 வயதில், 1987இல், பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது உடம்பு விழுந்தது. நாட்பட்ட களைப்பு நோய். வெளியே பார்த்தால் தெரியாத நோய் என்பதால் சோம்பல், மனப்பிரமை என்றெல்லாம் சொன்னார்கள். படிப்பை விட்டார். தலைசுற்றால் எழுத்தைப் பார்க்க ஏலாத நாட்களில் கண்ணை மூடிக்கொண்டே எழுதினார். திடல் திடலாகத் திரிய முடியாது. வீட்டில் இருந்தபடி தொலைபேசியில் முதியவர்களைத் தேடித் தேடிப் பேசினார். பழைய பத்திரிகைகளைத் தோண்டினார். 1998இல் கட்டுரையாக வந்தது 2001இல் புத்தகமானது. உலகம் முழுக்க இலட்சக்கணக்கானோர் வாசித்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் எங்களைப் போலக் குதிரைப் பந்தயமே தெரியாதவர்கள்.

சோம்பேறி என்று பெயர் வாங்கிய குதிரையின் கதையை, சோம்பேறி என்று பெயர் வாங்கிய ஒருத்திதான் எழுதினாள். தீனையும் நித்திரையையும் உடைந்த எலும்பையும் அவள் இவ்வளவு கவனமாக எழுதினதற்கு அதுவும் ஒரு காரணம் எண்டு நினைக்கிறோம்.

எங்கட முப்பத்தைந்து ஓட்டம்

இப்ப அந்த எண்ணுக்கு வருவோம்.

ஒவ்வொரு வருசமும் இந்த நாட்டில் மூன்று இலட்சம் அளவான பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறார்கள். வயசு பத்து. அதற்கு இரண்டு வருசத்துக்கு முதலே ஓட்டம் தொடங்கும். பள்ளிக்கூடம், பின்னேர வகுப்பு, சனி ஞாயிறு வகுப்பு, மாதிரி வினாத்தாள், அதற்குப் பிறகு இன்னொரு மாதிரி வினாத்தாள். பெரும்பாலான பிள்ளைகள் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்பார்கள். பெறுபேறு வந்த கிழமை சந்திக்குச் சந்தி பதாகை தொங்கும், படத்தோடு. தொங்காத படங்கள் ஆருடையவை எண்டு ஊருக்கே தெரியும். பத்து வயசில் ஒரு பிள்ளைக்கு 'மக்கு' எண்டு பெயர் விழுந்தால், பிறகு ஓ.எல், ஏ.எல் வரை அது கூடவே நடக்கும்.

எங்களில் பதாகையில் தொங்கினவர்களும் இருக்கிறோம், தொங்காதவர்களும் இருக்கிறோம். தொங்கினவர்களும் அதற்குப் பிறகு ஓடி ஓடிக் களைத்தவர்கள்தான். ஊக்கப் பேச்சுக்கு வாற ஆட்கள் சீபிஸ்கட் மாதிரிக் கதைகளைச் சொல்லி, "பாருங்கள், முயன்றால் முடியும்" எண்டு முடிப்பார்கள். கதையை ஒழுங்காக வாசித்தால் அது சொல்கிறது வேறு. அந்தக் குதிரை முதல் 17 ஓட்டத்திலும் முயலாமல் இருந்ததில்லை. அளவுக்கு மீறி ஓடியது. அது மாறினது, ஒரு மனிசன் அதை இன்னொரு தரம் நின்று பார்த்ததால். பார்த்தது மட்டுமில்லை, நித்திரை கொள்ள விட்டான், பசிக்குப் போட்டான், துணைக்கு ஒன்றைப் பக்கத்தில் கட்டினான்.

எங்கட வட்டத்தில் ஏ.எல் இரண்டு தரம் எழுதியும் பெறுபேறு சரிவராத ஒருவன் இருக்கிறான். நாலு இரவும் ஒரு சொல் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாரும் பிம்லிகோவைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்க, அவன் கேட்டது ஒரே கேள்வி:

"அந்தப் பதினேழு தரமும் தோத்திட்டு லாயத்துக்கு வந்த நேரம் அதுக்குத் தீன் வைச்சது ஆரு?"

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தோம். அந்தக் காலத்து லாயப் பையன்களைப் பற்றி ஒரு வரியும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் யாரோ வைத்திருக்க வேணும். இல்லையெண்டால் 1936இல் டொம் ஸ்மித் பார்க்கிறதற்கு அங்கே குதிரையே இருந்திராது.

அதனால் இந்த வருசம் எங்கட வட்டம் ஒரு வேலையை எடுத்திருக்கிறது. பதாகையில் வந்தவர்களை ஊரே எழுதும். நாங்கள் சவளக்கடையிலும் அன்னமலையிலும் மத்திய முகாமிலும் சாளம்பைக்கேணியிலும் போய், தோற்று வந்த பிள்ளைக்கு அன்று இரவு சோறு போட்ட உம்மாவிடமும் அம்மம்மாவிடமும், காசில்லாமல் திரும்பவும் பாடம் சொல்லிக்கொடுத்த ரீச்சரிடமும் பேசி எழுதப்போகிறோம். உங்கட ஊரிலும் அப்படி ஆராவது இருந்தால் எழுதி அனுப்புங்கோ. பெரிய கதையாக இருக்க வேணும் எண்டில்லை. என்ன கறி வைத்தார்கள் எண்டு ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கோ.